மிருகத்துக்குப் பெயர் வைப்பவர்கள்

டிஸ்கி: நான் இறையியல் படிப்பவன் இல்லை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் லீவில் பைபிளின் கடைசிப் புத்தகத்தையும், அதைப் பற்றிய வரலாறு கொஞ்சத்தையும் வாசித்ததன் விளைவு இந்தப் பதிவு. யாருடைய விசுவாசத்தையும் கிண்டல் செய்யும் நோக்கம் கிடையாது. ஆனால் கருத்து என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தானே இந்த இடம். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் (கத்தோலிக்க நண்பர்களுக்குத் திருவெளிப்பாடு) என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு எண். 666. படம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு, ஃபார்வர்டு பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. பார்கோடு வந்தபோது அதுதான் மிருகத்தின் முத்திரை என்றார்கள். கிரெடிட் கார்டு வந்தபோது அது. கொரோனா தடுப்பூசி வந்தபோது அதுவும். ஒவ்வொரு முறையும் பழைய முத்திரை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பார்கோடு போட்ட பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டேதான் தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிறோம் :-)

பொருள்களுக்கு முத்திரை குத்துவதோடு போனால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மனிதர்களுக்கும் குத்தியிருக்கிறார்கள். நெப்போலியன், ஹிட்லர், முசோலினி என்று வரிசை நீளமானது. கோர்பச்சேவின் தலையில் இருந்த மச்சத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் பியர் என்ற பாத்திரம் நெப்போலியனின் பெயரை எழுத்துக்கு எண் போட்டுக் கூட்டி 666 வரவழைப்பான். பிறகு தன் பெயரையும் கூட்டிப் பார்ப்பான். வராது. எழுத்தை மாற்றி, இலக்கணத்தை வளைத்து, கடைசியில் அதையும் 666 ஆக்கிவிடுவான். டால்ஸ்டாய் குறும்புக்காரர். வேண்டும் என்று உட்கார்ந்தால் யார் பெயரும் 666 ஆகும் என்பதை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வந்தது இதுதான். கிறிஸ்தவத்தின் கடைசிக்கால நம்பிக்கையில் இரண்டு விளையாட்டுகள் நடக்கின்றன. ஒன்று, தேதி சொல்வது. இன்னொன்று, பெயர் சொல்வது. நாம் எல்லோரும் தேதி சொல்பவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். என்னைக் கேட்டால் ஆபத்து அங்கே குறைவு. தேதி சொன்னவன் மறுநாள் காலையில் மாட்டிக்கொள்வான். பெயர் சொன்னவனுக்கு அந்தப் பயமே கிடையாது. 'இன்னார்தான் மிருகம்' என்பதைப் பொய் என்று நிரூபிக்க எந்த மறுநாளும் வராது.

தேதிக்காரர்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாட்களை 2300 வருடங்கள் என்று எடுத்துக்கொண்டு, கி.மு. 457-லிருந்து எண்ணி 1843 வாக்கில் இயேசு வருவார் என்றார். அந்த வருடம் போனதும் கணக்கு திருத்தப்பட்டு 1844 அக்டோபர் 22 என்று ஒரே நாளில் வந்து நின்றது. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். சிலர் வயலில் அறுவடை செய்யாமலே விட்டுவிட்டார்கள். அந்த நாளுக்கு வரலாற்றில் இன்றைக்கும் 'மாபெரும் ஏமாற்றம்' என்றே பெயர். 1988-க்கு ஒருவர் 88 காரணங்கள் எழுதினார். 2011 மே 21 என்று ஹரால்டு கேம்பிங் ரேடியோவிலும் விளம்பரப் பலகைகளிலும் சொன்னார், பிறகு அக்டோபர் 21 என்று மாற்றினார். 2025 செப்டம்பரில் இதே கதை டிக்டாக்கில் ஓடியது. வேலையை விட்டவர்கள், சேமிப்பைக் கரைத்தவர்கள் பாவம்தான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் காயப்படுத்தியது தங்களையே.

இனி பெயர் விவகாரம். முதலில் அந்தப் புத்தகத்தை எழுதியவர் யாரை மனதில் வைத்து எழுதினார்?

எழுதியவர் பெயர் யோவான். இருந்த இடம் பத்மு, ஏஜியன் கடலில் ஒரு சின்னத் தீவு. காலம் பெரும்பாலான அறிஞர்கள் கணக்கில் கி.பி. 95 வாக்கில், தொமிதியன் பேரரசனாக இருந்தபோது. நீரோ இறந்ததற்கு அடுத்த ஓரிரு வருடங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எழுதியது எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்ற ஏழு ஊர்ச் சபைகளுக்கு. எல்லாம் இன்றைய துருக்கியில் இருக்கின்றன. அந்த ஊர்களில் பேரரசருக்குக் கோயில் கட்டுவது பெரிய கௌரவம். பெர்கமு கி.மு. 29-லேயே அகஸ்டஸுக்குக் கோயில் கட்ட அனுமதி வாங்கிவிட்டது. எபேசுவில் தொமிதியன் குடும்பத்துக்கே ஒரு கோயில் இருந்தது. ரோமுக்கு வணக்கம் போடுவது பக்தி மட்டும் இல்லை. தொழில், சங்கம், விருந்து, சம்பந்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். வணக்கம் போடாதவன் பிழைப்பது கஷ்டம்.

புத்தகம் எழுதிச் சில வருடங்கள் கழித்து, கி.பி. 112 வாக்கில், அதே ஆசியா மைனரின் வடக்குப் பகுதியில் ஆளுநராக இருந்த இளைய பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் என்று பிடித்துக் கொண்டுவரப்படுபவர்களை என்ன செய்கிறேன் என்று விளக்கியிருக்கிறார். பேரரசரின் சிலைக்கு முன்னால் தூபமும் திராட்சை ரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறேன், மூன்று முறை கேட்டும் பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு மரண தண்டனை. ஒரு கண்ணியமான அதிகாரியின் நிதானமான கடிதம் அது. படிக்கும்போது அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

இந்தப் பின்னணியில் 666-ஐப் பார்த்தால் மர்மம் பாதி போய்விடுகிறது. எபிரெயத்தில் எழுத்துகளே எண்கள். 'நீரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200. மொத்தம் 666. நாமும் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். சில பழைய பிரதிகளில் 666-க்குப் பதில் 616 என்று இருக்கிறது. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸிலும் அப்படியே. 'நீரோன்' என்பதை லத்தீன் உச்சரிப்பில் 'நீரோ' என்று ஆக்கி ஓர் எழுத்தைக் குறைத்தால் 50 குறையும், 616 வரும்! இரண்டு எண்ணும் ஒரே ஆளைக் காட்டுவதால்தான் பெரும்பாலான அறிஞர்கள் நீரோவை ஏற்கிறார்கள். ஏழு மலைமேல் உட்கார்ந்திருக்கும் பெண் என்று யோவான் சொல்வதும் ரோம் நகரத்தைத்தான் என்று அன்றைய வாசகர்கள் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அப்படியானால் யோவானும் பெயர் வைத்தவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் பெயர் வைத்த விதத்தைக் கவனியுங்கள். பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் (அதாவது ரோம்) விழுகிறது. அழுபவர்கள் யார்? வியாபாரிகளும் கப்பல்காரர்களும். சரக்கு வாங்க ஆள் இல்லையே என்று அழுகிறார்கள். என்னென்ன சரக்கு என்று இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களின் பட்டியல் வருகிறது. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், கோதுமை, ஆடுமாடு, குதிரை, ரதம். பட்டியலின் கடைசி சரக்கு மனிதர்கள். அடிமைகள். ஒரு கடைக்காரரின் இருப்புக் கணக்கு மாதிரி சலனமே இல்லாமல் எழுதிக்கொண்டு போய்க் கடைசி வரியில் கத்தியை இறக்குகிறார்.

(இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. அந்தப் பட்டியலில் நம் பக்கத்துச் சரக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ரோமப் பணம் வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று மூத்த பிளினி புலம்பியிருக்கிறார். பாண்டிய நாட்டில் முத்துக் குளிக்கும் கொற்கையைப் பற்றி, முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற வணிகக் கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று. ரோமச் சீமாட்டியின் கழுத்து முத்துக்கு இந்தப் பக்கமும் ஒருவன் மூச்சடக்கியிருக்கிறான். 'கொற்கை முத்து ரோமுக்குப் போனது' என்று பெருமையாக மேடையில் பேசும்போது அவனை யாரும் சொல்வதில்லை.)

ஆக, யோவானின் மிருகம் ஒரு தனி ஆள் அல்ல. நீரோ அதன் முகம், அவ்வளவுதான். சிலை, சந்தை, படை, அடிமை எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடு அது. முக்கியமாக, அந்த ஏற்பாட்டுக்குள் தன் சபைக்காரர்களும் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மிருகம், வலுசர்ப்பம் எல்லாம் வருவதற்கு முன்னால், இரண்டு மூன்றாம் அதிகாரங்களிலேயே ஏழு சபைகளுக்கும் ஏழு கடிதங்கள் இருக்கின்றன. அதில் ஐந்து சபைகளுக்குத் திட்டு விழுகிறது. பணக்கார லவோதிக்கேயாவுக்கு விழுவது கொஞ்சநஞ்சம் இல்லை. சிமிர்னாவும் பிலதெல்பியாவும்தான் தப்புகின்றன, அவை இரண்டும் பலம் இல்லாத சபைகள். நோட்டீஸ் அடித்து விநியோகிப்பவர்கள் ஏன் இந்த இரண்டு அதிகாரங்களைத் தாண்டி நேராகப் பதின்மூன்றுக்குப் போகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் ஊகிக்கக் கடினமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் இந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. அது யோவான் பெயரிலுள்ள நிருபங்களில் வருகிறது, அதுவும் ஏற்கனவே பல அந்திக்கிறிஸ்துகள் வந்துவிட்டார்கள் என்று பன்மையில். விசுவாசிகள் திடீரென்று மேலே எடுத்துக்கொள்ளப்படும் 'இரகசிய வருகை'யும் இதில் நேரடியாக இல்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதம். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு ரயில்வே டைம்டேபிள் மாதிரி ஆக்கியது 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி. அதை வீடு வீடாகக் கொண்டு போனது 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு பைபிளின் அடிக்குறிப்புகள். 1970-ல் ஹால் லிண்ட்சே எழுதிய புத்தகமும், 1995-லிருந்து 2007 வரை பதினாறு பாகங்கள் வந்த 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல்களும் மீதியைச் செய்தன. லிண்ட்சேயின் புத்தகத்தில் வில்லன் சோவியத் ரஷ்யா. பனிப்போர் காலத்து அமெரிக்கருக்கு எவ்வளவு வசதி! தன் நாட்டின் எதிரியே கடவுளின் எதிரியும்.

இது வெறும் வாசிப்புப் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரம் இருக்கிறது.

அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே, 1522 செப்டம்பரில், லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளியானது. அதில் வெளிப்படுத்தின விசேஷத்துக்குக் கிரானாக் பட்டறையில் செய்த மரச்செதுக்குப் படங்கள். பாபிலோன் பெண்ணின் தலையில் போப்பின் மும்முடி! எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் பதிப்பில் அச்சுக்கட்டையைச் செதுக்கிச் சாதாரண கிரீடமாக ஆக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பதிப்பின் முன்னுரையில் லூத்தர் இந்தப் புத்தகம் தனக்கு ஒட்டவில்லை என்றே எழுதியிருந்தார். புத்தகம் ஒட்டாவிட்டாலும் படம் உதவியது.

மியூன்ஸ்டரில் 1534 பிப்ரவரியில் மறுஞானஸ்நானக்காரர்கள் நகரசபையைப் பிடித்தார்கள். அவர்களை எளிதாக வில்லன் ஆக்கிவிடக் கூடாது. ஐரோப்பா முழுக்கக் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் போட்டி போட்டுக்கொண்டு அவர்களை எரித்தும் நீரில் அமிழ்த்தியும் கொன்றுகொண்டிருந்த காலம் அது. ஹார்லம் ஊர் ரொட்டிக்காரர் யான் மாத்தைஸ் வந்து இதுதான் புதிய எருசலேம் என்றார். மறுஞானஸ்நானம் வாங்க மறுத்தவர்கள் பனிக்காலத்தில் நகரத்துக்கு வெளியே துரத்தப்பட்டார்கள். சொத்து பொதுவாயிற்று. பைபிளைத் தவிர மற்ற புத்தகங்கள் எரிக்கப்பட்டன. பிஷப்பின் படை நகரைச் சுற்றி வளைத்தது. 1534 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று தீயவர்களுக்குத் தீர்ப்பு என்று சொல்லியிருந்த மாத்தைஸ், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு படையை நோக்கிப் போனார். திரும்பி வந்தது அவர் தலை, ஒரு கம்பத்தில்.

தேதி பொய்த்தது. இயக்கம் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. ஏனென்றால் எதிரியின் பெயர் அப்படியே இருந்தது, கோட்டைக்கு வெளியே கூடாரம் போட்டுக்கொண்டு. யான் வான் லைடன் என்ற தையல்காரர் தலைமை ஏற்று, அந்த வருடமே தன்னை ராஜா என்று அறிவித்தார். பலதார மணம் சட்டமானது. எதிர்த்தவர்களுக்கு மரணம். நகரத்தில் ஜனங்கள் பசியில் புல்லையும் தோலையும் தின்றுகொண்டிருந்தபோது அரசவை நடந்தது. தன் மனைவிகளில் ஒருத்தியைச் சந்தையில் தன் கையாலேயே தலை வெட்டினார் என்று அக்கால வரலாறுகள் சொல்கின்றன. நீரோவின் சிம்மாசனத்தை எதிர்த்து எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு குட்டி நீரோ!

1535 ஜூனில் நகரம் விழுந்தது. உள்ளே நுழைந்த பிஷப்பின் படை ஒன்றும் தேவதூதர் படை இல்லை, நூற்றுக்கணக்கில் வெட்டித் தள்ளியது. 1536 ஜனவரி 22 அன்று லைடனையும் இரண்டு கூட்டாளிகளையும் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை மூன்று இரும்புக் கூண்டுகளில் போட்டு புனித லம்பெர்ட் கோயில் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்றும் அங்கேயே தொங்குகின்றன. கூகுளில் தேடிப் பாருங்கள். இதில் யார் மிருகம், யார் பரிசுத்தவான்? இரண்டு பக்கமும் ஒரே புத்தகத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

அதே 1536-ல் ஃப்ரீஸ்லாந்தைச் சேர்ந்த மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் கத்தோலிக்க சபையை விட்டு வெளியே வந்து, சிதறிப்போன மறுஞானஸ்நானக்காரர்களைச் சேர்த்தார். வாள் எடுக்கவே கூடாது என்பது அவர் வழி. கடைசி நியாயத்தீர்ப்பு வரும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அதை நடத்துவது தன் வேலை இல்லை என்றார். அவர் பெயரில்தான் இன்றைக்கும் மென்னோனைட்டுகள் இருக்கிறார்கள். பல நாடுகளில் ராணுவ சேவை செய்ய மறுத்துச் சிறை போனவர்கள் அவர்களில் உண்டு.

எனக்கு மென்னோ பக்கம்தான் புத்தகமும் இருப்பதாகத் தெரிகிறது. ஐந்தாம் அதிகாரத்தில் சிங்கம் வந்துவிட்டது என்று யோவானிடம் சொல்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்தால் அங்கே நிற்பது அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி. அதற்குப் பிறகு புத்தகம் முழுக்க ஆட்டுக்குட்டியானவர்தான். பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரையில் வருபவரின் வாள் கையில் இல்லை, வாயில் இருந்து வருகிறது. அதாவது சொல். அவருடைய அங்கி சண்டை தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அது அவருடைய ரத்தம்தான் என்று பல உரையாசிரியர்கள் சொல்கிறார்கள் (எதிரிகளுடையது என்பவர்களும் உண்டு). அர்மகெதோன் என்று சினிமாவே எடுத்துவிட்டார்கள், ஆனால் பதினாறாம் அதிகாரத்தில் ராஜாக்கள் அந்த இடத்தில் கூடுகிறார்கள் என்பதோடு சரி. சண்டை வர்ணனை கிடையாது. இருபதில் கோகும் மாகோகும் பரிசுத்தவான்களைச் சூழ்ந்துகொள்ளும்போதும் வானத்திலிருந்து அக்கினி இறங்கி முடித்துவிடுகிறது. எந்த இடத்திலும் விசுவாசியின் கையில் ஆயுதம் கொடுக்கப்படுவதில்லை. பொறுமையாக இரு, சிலைக்கு முன் குனியாதே, இவ்வளவுதான் அவனுக்கு உத்தரவு.

இந்த ஒரு விஷயத்தைத் தவற விட்டவர்களின் கதை மியூன்ஸ்டரோடு முடியவில்லை. அமெரிக்காவின் டெக்சஸில், வேகோ அருகே 1993-ல் டேவிட் கொரேஷும் ஆட்களும் ஆயுதங்களைக் குவித்துக்கொண்டு இருந்தார்கள். ஏழு முத்திரைகளைத் திறக்கும் அதிகாரம் தனக்குத்தான் என்பது கொரேஷின் வாதம். பிப்ரவரி 28-ல் நடந்த துப்பாக்கிச் சண்டையில் நான்கு அரசு ஏஜென்டுகளும் உள்ளே இருந்தவர்களில் சிலரும் இறந்தார்கள். 51 நாள் முற்றுகை. ஏப்ரல் 19-ல் கட்டிடம் எரிந்து, குழந்தைகள் உட்பட 76 பேர் செத்தார்கள். முத்திரைகளைப் பற்றி எழுதி முடித்ததும் வெளியே வருகிறேன் என்று கொரேஷ் சொல்லியிருந்தார். முதல் முத்திரை பற்றிய பகுதி மட்டும் ஒரு டிஸ்கில் தப்பியது. அவர் கண்ணுக்கு வெளியே நின்ற அரசாங்கம் பாபிலோன். வெளியே நின்றவர்கள் டாங்கி மாதிரியான வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி அந்தக் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தினார்கள்.

அப்படியானால் கடைசிக்கால நம்பிக்கையே வேண்டாம், தூக்கிப் போடு என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் வாதாடினான். நீட்ஷே இந்தப் புத்தகத்தைப் பழிவாங்கும் வெறியின் உச்சம் என்றுதான் பார்த்தார். டி.எச். லாரன்ஸ் 1930 வாக்கில் சாவதற்கு முன் எழுதிய கடைசிப் புத்தகமே இதைப் பற்றித்தான், பலவீனர்களின் பொறாமை என்று சாடினார். அவர்கள் சொல்வதில் பாதி சரி. பதினான்காம் அதிகாரத்தில் குதிரைகளின் கடிவாளம் வரை ரத்தம் ஓடுவதை நான் எப்படி அழகுபடுத்துவது? முடியாது.

ஆனால் இருவரும் எங்கே உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதும் முக்கியம். வேறு இடத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களும் உண்டு. 1985 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவில் நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது, 'கைரோஸ் ஆவணம்' என்று ஒன்று வெளியானது. அதன் வேர் சோவெட்டோ. நிறவெறி அரசு எப்போதும் ரோமர் பதின்மூன்றாம் அதிகாரத்தைக் காட்டும், ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று. ஆவணம் எழுதியவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அதே ரோம அரசு இங்கே வலுசர்ப்பத்தின் வேலைக்காரன் அல்லவா என்று. ஒரு பதின்மூன்றுக்கு இன்னொரு பதின்மூன்று! அவர்களும் பெயர் வைத்தார்கள்தான். ஆனால் வைத்தது ஒரு ஏற்பாட்டுக்கு, தங்கள் கழுத்தின் மேல் கால் வைத்திருந்த ஏற்பாட்டுக்கு. அதோடு நிற்காமல், கொடுங்கோலர்களைப் பதவியிலிருந்து இறக்குவதுதான் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் ஒடுக்குபவர்களுக்கும் நாம் காட்டக்கூடிய அன்பு என்றும் எழுதினார்கள். எதிரியைத் தீர்த்துக்கட்டுவது அவர்கள் கேட்ட வெற்றி அல்ல. அவன் எதிரியாக இருப்பதை நிறுத்த வேண்டும் என்பதே.

தீமை கடைசியில் தோற்கும் என்ற நம்பிக்கையை அப்படிப்பட்டவர்களிடமிருந்து பிடுங்க எனக்கோ என் நண்பனுக்கோ லாரன்ஸுக்கோ என்ன உரிமை இருக்கிறது? வழக்கு போட முடியாத இடத்தில் இருப்பவனுக்குக் கடைசித் தீர்ப்பு என்ற ஒன்று இருக்கிறது என்பது ஆறுதல் மட்டும் இல்லை. இப்போது நடப்பதுதான் என்றைக்குமான நியாயம் என்று ஆள்பவன் சொல்வதை மறுப்பதற்கு அவனிடம் உள்ள ஒரே ஆதாரம் அது.

தீமை தோற்பது என்றால் தீயவர்கள் எரிவதா என்ற கேள்வி பழைய கிறிஸ்தவர்களுக்கே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் எல்லாம் ஒருநாள் சீர்ப்படும் என்று எழுதினார். அந்தக் கருத்துக்காக அவர் இறந்து முந்நூறு வருடம் கழித்து, 553-ல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தை ஒட்டி அவர்மேல் சாபம் வந்தது. நான்காம் நூற்றாண்டின் நிஸ்ஸா கிரெகோரியும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். தீமை எங்கேயாவது ஒரு மூலையில் நிரந்தரமாக இருந்துகொண்டே இருந்தால் அது தோற்றது ஆகாது, இல்லாமலே போக வேண்டும் என்பது அவர் தர்க்கம். அவர் இன்றும் புனிதர். (சபை வரலாற்றில் யாருக்கு எப்போது சாபம் விழும் என்பது நம் இன்டர்னல் மார்க் மாதிரி.) அகஸ்டின் இதை ஒப்புக்கொள்ளவில்லை, மேற்குலகம் அகஸ்டின் பின்னால் போய்விட்டது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் வாசிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 'பூமியின் ராஜாக்கள்' புத்தகம் முழுக்க வில்லன்கள். பாபிலோனோடு கூத்தடித்தவர்கள், மிருகத்தோடு சேர்ந்து படை திரட்டியவர்கள். பத்தொன்பதாம் அதிகாரத்தில் தோற்று, பறவைகளுக்கு இரையாகிறார்கள். கதை முடிந்தது என்று நினைத்தேன். இருபத்தொன்றில் புதிய எருசலேம் இறங்கி வருகிறது. அதன் கதவுகள் ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை. அந்தக் கதவு வழியாகத் தங்கள் மகிமையை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் பூமியின் ராஜாக்கள்! அதே சொல்தான், கிரேக்கத்திலும். அடுத்த அதிகாரத்தில், நகரத்தில் இருக்கும் மரத்தின் இலைகள் ஜாதிகளுக்கு மருந்து என்கிறார். எல்லாம் முடிந்த பிறகு மருந்து யாருக்கு? அதே இருபத்திரண்டாம் அதிகாரத்தில் பொய்யரும் கொலைகாரரும் நகரத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்றும் வருகிறது. வெளியே ஆள் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது.

அந்த ராஜாக்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? உரைகளில் நான் பார்த்த பதில்கள் இரண்டு மூன்று இருக்கின்றன, ஒன்றும் முழுசாகத் திருப்தி தரவில்லை. இதை ஒழுங்காகப் படித்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.